நோயில்லாதவன் ரத்தம்

போன மாதம் ஒரு மத்தியானம், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேப்பில் இப்போது வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் போன் செய்தார். டிபி கிருமி உடம்புக்குள் பதுங்கியிருக்கிறதா என்று ரத்தத்தை வைத்தே சொல்லிவிடும் பரிசோதனை வந்திருக்கிறதாம். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது யாரோ என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"சார், நீங்க எண்பதுகள்லயே ரத்தத்துல டிபி ஆராய்ச்சி பண்ணினீங்களாமே. எங்களுக்காக அதை எழுதித் தாங்களேன்."

'ஆராய்ச்சி' என்ற சொல் காதில் இனித்தது. அது நன்றாகக் கரையட்டும் என்று விட்டுவிட்டுப் பிறகு சொன்னேன்.

"தம்பி, நான் செஞ்ச ஆராய்ச்சி, ரத்தத்தை மடியில வெச்சுக்கிட்டு கோவில்பட்டியில இருந்து மதுரைக்கு பஸ்ல போனதுதான்."

"அதையே எழுதுங்க சார்" என்றார். விடுகிற ஆள் இல்லை.

லேப் டெக்னீஷியன் வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. ஆசைப்பட்டது சர்வேயர் வேலைக்கு. அது கிடைக்காமல் இது கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் முதல்முதலாக ஒருவர் கையில் ஊசி ஏற்றி, குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தபோது மயங்கி விழுந்தவன் நான். என் முகத்தில் தண்ணீர் தெளித்தவர் அந்தப் பேஷன்ட். தெளித்துவிட்டு, "பாதிதான் எடுத்திருக்கீங்க, மிச்சத்தை எடுங்க தம்பி" என்று கையையும் நீட்டினார். அப்படிப்பட்டவர்கள் தயவில்தான் சான்றிதழ் வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே நெஞ்சுநோய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் சுகிர்தா. பாளையங்கோட்டைக்காரர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. நான் ஏதாவது முடிவு சொன்னால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்.

"பாத்ததா, நெனச்சதா?"

பத்தில் நாலு தடவை நான் நினைத்ததாகத்தான் இருக்கும். திரும்பப் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பேன்.

சளிப் பரிசோதனையை அவர்தான் எனக்கு உண்மையாகச் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடித் தகட்டில் சளியை மெல்லிசாகத் தடவிக் காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் தீயைக் காட்ட வேண்டும். ஆவி எழும்ப வேண்டும், கொதித்துவிடக் கூடாது. ஆறியதும் கழுவிவிட்டு அமிலம் ஊற்றினால் எல்லாச் சிவப்பும் கரைந்து ஓடும். டிபி கிருமி மட்டும் தன் சிவப்பை விடாது. கடைசியில் நீலச் சாயம். நீலத் தரையில் மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்று தெரிந்தால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை உண்டு. அந்த ஒரு கீற்றுக்காகத் தகடு முழுக்கத் தேட வேண்டும். நான் அவசரப்பட்டுச் சாயத்தைக் கொதிக்கவிட்டுத் தகட்டையே விரிசல் விட வைத்த நாட்கள் உண்டு. அவர் உடைந்த தகட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், குப்பை வாளியில் போடுவார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அவர்களுடைய கேள்வி எளிமையானது. ஒரே வீடு, ஒரே சோறு, இருமுகிறவர் விடுகிற ஒரே காற்று. அண்ணனுக்கு நோய் வருகிறது, தம்பிக்கு வருவதில்லை. ஏன்?

ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களின் மேல் சில அடையாளக் குறிகள் உண்டு. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி பிள்ளைக்கு வரும். அந்தக் குறிகளில் ஏதாவது ஒன்று நோயாளிகளிடம் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க நினைத்தார்கள். அதற்கு நோயாளியின் ரத்தம் மட்டும் போதாது. கூடப் பிறந்தவர்கள், பெற்றவர்கள், நோயே இல்லாதவர்கள் ரத்தமும் வேண்டும். எடுத்த ரத்தத்தில் அந்த அணுக்கள் உயிரோடு மதுரை போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

முதல் தடவை என் மூளையை உபயோகித்தேன். கரிசல்காட்டு வெயிலில் ரத்தம் கெட்டுப்போகுமே என்று யாரும் சொல்லாமலே ஐஸ் கட்டி வாங்கி, மரத்தூள் போட்டு, தடுப்பூசிப் பெட்டியில் பாட்டில்களை நடுவில் புதைத்துக் கொண்டுபோனேன். மதுரையில் பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பெட்டியைத் திறந்த பெண், அப்படியே மூடிவிட்டார். அந்த அணுக்களுக்குக் குளிர் ஆகாதாம். அறைச் சூட்டில்தான் உயிரோடிருக்கும். நான் கொண்டுபோனது முழுக்கப் பிணம்.

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"ரத்தம் மீனில்ல, சண்முகவேல்."

அதற்கப்புறம் பாட்டில்களைப் பஞ்சில் சுற்றி, அகல வாய்த் தெர்மாஸில் வைத்து, அதன் மேல் ஈரத்துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டு போவேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் கேட்பார், "அண்ணாச்சி, என்ன, காப்பியா?" நான் உண்மை பேசுகிறவன். "ரத்தம்" என்பேன். சாத்தூர் வருவதற்குள் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன். இந்த ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் அது.

நோயில்லாதவர்கள் ரத்தமும் வேண்டும் என்றேனே, அதற்கு ஆஸ்பத்திரி ஊழியர்களையே கேட்டார்கள். நான்தான் முதலில் சட்டைக் கையை மடித்தேன். டாக்டரம்மா எடுத்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து மதுரையிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் டாக்டரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் நான் தகடு கழுவிக்கொண்டிருந்தேன். டி.ஆர். இரண்டு என்று ஒரு குறி. அது நோயாளிகளிடம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்றார். "ஊழியர்கள்ல ஒண்ணாம் நம்பர்கிட்டயும் இருக்கு மேடம்" என்றார்.

பாட்டில்களுக்கு நம்பர் ஒட்டினவன் நான். ஒன்றாம் நம்பர் நான்.

அன்று சாயங்காலமே எனக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. தெர்மாமீட்டரில் தெரியவில்லை. தெர்மாமீட்டர் சரியில்லை என்று முடிவு செய்தேன். தினமும் காலையில் பேஷன்ட்கள் வருவதற்கு முன்னால் எடை மெஷினில் ஏறி நிற்க ஆரம்பித்தேன். வீட்டில் என் மனைவி கோமதியிடம், அவித்த முட்டை கேட்டேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அப்புறம் பால். அப்புறம் உளுந்தங்களி.

"ஏன், ஆஸ்பத்திரியில எதும் குஸ்திப் போட்டி வெச்சிருக்காவளா?" என்று கேட்டாள்.

நான் சன்னல் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விட்டேன். இளம் வயதில் போகப்போகிறவன் எப்படிப் பெருமூச்சு விடுவானோ அப்படி. அவள் இன்னொரு கரண்டி களி வைத்தாள்.

இருமல் வரவில்லை. வரவழைத்தேன். கஷ்டப்பட்டுக் காறியதில் வந்ததைத் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாள் மறுபடி. அடுத்த வாரம் ஒருநாள் தென்பட்டது. நீலத்தில் ஒரு சிவப்பு. தகட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா மேசையில் வைத்தேன்.

அவர் பார்த்தார். தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"இது சாயத் துகள். வடிகட்டாம ஊத்தியிருக்கீங்க. யார் சளி இது?"

"ஒரு பேஷன்ட், மேடம்."

"பேரு?"

எனக்குப் பேர் வரவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறது. ஒன்றுகூட வரவில்லை. அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முட்டையும் களியும் சேர்ந்து என் சட்டைப் பொத்தான்கள் இறுக்கமாக நின்ற நேரம்.

"உக்காருங்க" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். "அந்தக் குறி இருந்தா நோய் வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. வரும்னும் அர்த்தம் இல்ல. அது இருந்தும் நல்லா இருக்கவங்க ஊரு முழுக்க இருக்காங்க. அது இல்லாதவங்க நம்ம வார்டுல படுத்திருக்காங்க. உடம்பு கிருமியோட சண்டை போடறதுல நூறு விஷயம் இருக்கு. அதுல இது ஒண்ணா இருக்கலாமான்னுதான் தேடுதாங்க. இன்னும் தேடி முடிக்கல."

"சரி மேடம்."

"முட்டை சாப்பிடறத நிறுத்துங்க."

முட்டை விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோமதியைத்தான் சந்தேகப்படுகிறேன்.

இது நடந்த வருஷம் ஐப்பசியில்தான் சீனியம்மாள் என்ற பேஷன்ட் மாத்திரையை நிறுத்தினாள்.

கழுகுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பருத்தியும் கம்பும் விளைகிற சொந்தப் புஞ்சை உள்ள குடும்பம். சீனியம்மாளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவளுடைய அண்ணன் இதே நோயில் இறந்துபோனான். இவளுக்கு வந்ததும் புருஷன் வீட்டில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அஞ்சு வயது மகள் செல்வியை அனுப்பவில்லை. பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சிக்கு ஏற்ற குடும்பம் என்று சீனியம்மாள் ரத்தத்தோடு அவள் அம்மா ரத்தத்தையும், நோயில்லாத தம்பி பாலையா ரத்தத்தையும் நான்தான் அந்த வீட்டு முற்றத்தில் வைத்து எடுத்தேன். ஊரே நின்று பார்த்தது.

ஆரம்பத்தில் ஒழுங்காக வந்து ஊசி போட்டுக்கொண்டாள். மாத்திரை வாங்கிப்போனாள். இருமல் அடங்கிக்கொண்டு வந்தது. பிறகு வரவில்லை. தபால் போட்டோம். பதில் இல்லை. பாதியில் விட்டால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். அண்ணனும் அப்படிப் பாதியில் விட்டுத்தான் போனான்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. "நெனச்சத சொல்லாதீங்க. அவங்க சொல்றத கேளுங்க."

போகும்போது கேட்டேன். "மேடம், அவங்க வீட்டு ரத்த முடிவு வந்திருச்சே. அதச் சொல்லட்டுமா?"

"அது அவங்களோடது. கேட்டா நான் தனியாச் சொல்லுவேன். உங்க முடிவு உங்களோடது. அத நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோங்க."

என் முடிவை யாரிடமும் சொல்கிற எண்ணம் எனக்கு இல்லை.

கழுகுமலையில் தெரிந்தவரிடம் சைக்கிள் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். முந்தின நாள் மழை. கரிசல் மண் மழையில் என்ன செய்யும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு பர்லாங் போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சைக்கிள் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டினேன். நாலு சுற்று சுற்றி மறுபடி நின்றது. கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். செருப்பு இரண்டும் மண்ணோடு போயின. அரசாங்கத்தின் சார்பில் நான் அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது முழங்கால் வரை கறுப்பு, தோளில் சைக்கிள்.

பாலையா சைக்கிளை இறக்கி வைத்துக் காலுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினான். முற்றத்தில் தனியாக ஓலைச் சாய்ப்பு இறக்கி, அதில் சீனியம்மாள் இருந்தாள். தனித் தட்டு, தனிச் செம்பு. மடியில் கொட்டின பருத்தியில் தூசி எடுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். இருமல் திரும்பியிருந்தது.

"ஏம்மா மாத்திரையை நிறுத்துன?" என்று கேட்டேன்.

"அது தின்னு என்ன ஆகப்போகுது அண்ணாச்சி. ரத்தத்துலயே இருக்கு சீக்கு. மாத்திரை வயித்துக்குத்தான போகுது."

"ரத்தத்துல இருக்குன்னு யாரு சொன்னா?"

அவள் பருத்தியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நீங்கதான். சீக்கு எனக்கு. எங்க ஆத்தா ரத்தத்தையும் பாலையா ரத்தத்தையும் எதுக்கு எடுத்தீங்க? குடும்பத்து ரத்தத்துல இருக்குன்னுதான? எங்க மாமியா அன்னைக்கே கேட்டாவ. வம்சத்துலயே இருக்கா, எங்க பேத்திக்கும் வந்துருக்குமான்னு கேட்டாவ. நான் என்னத்தச் சொல்ல? அண்ணன் போனான். நான் போறேன். புள்ளயாவது தள்ளி இருக்கட்டும்."

இதற்குப் பதிலாக நான் ஒரு விளக்கம் தயார் செய்து வைத்திருந்தேன். வழி நெடுக, சைக்கிளைத் தூக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்த விளக்கம். ஒரு குச்சி எடுத்து, ஈரத் தரையில் வட்டம் போட்டேன். இதுதான் வெள்ளை அணு. சுற்றி முள் முள்ளாக வரைந்தேன். இதுதான் குறி. அவள் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏலே பாலையா, இவிய ஊமத்தங்காயில மருந்து செய்யச் சொல்லுதாவளா?"

குச்சியைக் கீழே போட்டேன். வேறு ஒன்றும் கைவசம் இல்லை. டாக்டரம்மா கேட்கத்தான் சொல்லியிருந்தார், கேட்டாகிவிட்டது. கேட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

"சீனியம்மா, அந்தக் குறி என் ரத்தத்துல இருக்கு" என்றேன்.

பருத்தி எடுத்த கை நின்றது.

"எந்தக் குறியத் தேடி உங்க ரத்தத்த எடுத்தோமோ, அதே குறி எனக்கு இருக்கு. நான் தினமும் டிபி பேஷன்ட் நடுவுல உக்காந்துருக்கேன். அவங்க சளியத்தான் நாள் முழுக்கப் பாக்குதேன். எனக்குச் சீக்கு வரல."

"நெசமாவா?"

"நெசமா. ஆனா வந்துருச்சுன்னு நெனச்சேன்."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. எடை மெஷினில் ஏறினது, தெர்மாமீட்டரைக் குறை சொன்னது, முட்டை, உளுந்தங்களி, வராத சளியைக் காறித் துப்பினது, சாயத் துகளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் நின்று முழித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். உளுந்தங்களியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பேஷன்ட் பேரைக் கேட்டதும் நான் முழித்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பாலையா தூணைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

சிரித்து முடித்து அவள் கேட்டாள்.

"அப்ப எனக்கு இருக்கா அண்ணாச்சி, அந்தக் குறி?"

வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"அத டாக்டரம்மாதான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

"தெரிஞ்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்குதீங்க."

"ஆமா."

தம்பி பக்கம் திரும்பினாள். "ஏலே, காலையில கோவில்பட்டி பஸ் எத்தனை மணிக்கு?"

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். டாக்டரம்மா ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பேசினார். சீனியம்மாள் வெளியே வந்து நேராக என்னிடம் வந்தாள்.

"எனக்கு இல்லையாம்" என்றாள். "உங்களுக்கு இருக்கு, சீக்கு இல்ல. எனக்கு இல்ல, சீக்கு இருக்கு. இதுக்கா அந்தப் பாடு படுத்தினீங்க?"

"இதுக்குத்தான்."

"மாத்திரையக் குடுங்க. பஸ்ஸுக்கு நேரமாகுது."

பாலையா வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது. நேராக எடை மெஷின் பக்கம் போய் நின்றான். எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் போய், "முட்டை மட்டும் ஆரம்பிச்சிராதீங்க" என்றேன்.

இந்தத் தடவை ஊசியை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் ஒருநாளும் தவறவில்லை. தை முடிவதற்குள் அவள் சளியில் சிவப்பு காணாமல் போனது. நான் தகடு முழுக்கத் தேடிவிட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் தானே ஒரு தடவை தேடிவிட்டு, சீனியம்மாள் புருஷனுக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.

அவர் பேர் சுப்பையா. பேச்சு குறைவான, அம்மாவுக்குப் பயந்த மனிதர். டாக்டரம்மா அவரிடம் சொன்னார். "உங்க சம்சாரத்துகிட்ட இருந்து இனி யாருக்கும் ஒட்டாது. மாத்திரையை மட்டும் சொன்ன காலம் வரைக்கும் விடாமத் திங்கணும். ஆனா பிள்ளைக்கு முன்னாடியே வந்திருக்கான்னு பாக்கணும். கூட்டிட்டு வாங்க."

செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சீனியம்மாள் லேப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தது, சிரிக்கவும் செய்தது. ஆனால் உள்ளே வரவில்லை.

"வாட்டி" என்றாள் சீனியம்மாள்.

"கிட்டக்கப் போகக் கூடாதுன்னு ஆச்சி சொல்லிச்சு" என்றது பிள்ளை.

சீனியம்மாள் கையை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். சுப்பையா சுவரைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் பேச்சின் லட்சணம் எனக்குத் தெரியும் என்பதால் வேலையைப் பார்த்தேன்.

பிள்ளைகளுக்கு முழங்கைக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பொட்டு மருந்து ஏற்றுவோம். மூணு நாள் கழித்து அங்கே தடிப்பு எவ்வளவு என்று பார்ப்பது பரிசோதனை. அதற்குப் பிள்ளை அசையக் கூடாது.

"ஊசி போடுறப்ப பிள்ளை ஆடக் கூடாது" என்று பொதுவாகச் சொன்னேன். "யாராவது மடியில இறுக்கிப் பிடிச்சு உக்காரணும். ஆம்பிள பிடிச்சா சரிப்படாது."

சுப்பையா பிள்ளையைத் தூக்கிக் கொண்டுவந்து சீனியம்மாள் மடியில் வைத்தார். அவள் பிள்ளையின் வயிற்றைச் சுற்றிக் கை போட்டு, முகத்தைப் பிள்ளையின் தலைமுடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை கொஞ்சம் விறைத்தது. பிறகு மெல்லச் சாய்ந்தது.

அந்த ஊசிக்கு அரை நிமிஷம் போதும். நான் பஞ்சைத் தேடினேன். பஞ்சு மேசை மேலேயே இருந்தது, அதனால் அலமாரியில் தேடினேன். ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். ஊசியை விளக்கில் பிடித்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை என்று இன்னொன்று எடுத்துக் கொதிக்கப் போட்டேன். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் நின்றேன்.

டாக்டரம்மா வாசலுக்கு வந்தார். "சண்முகவேல், இன்னும் முடியலையா? வெளிய அத்தனை பேர் நிக்காங்க."

"ஊசி சரியில்ல மேடம்."

அவர் மேசை மேல் இருந்த பஞ்சைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.